தாழம்பூ ரேக்கும் கோர்வைக் கரையும்

கூறை என்றால் பழந்தமிழில் துணி, அவ்வளவுதான். இன்று அந்தச் சொல் முகூர்த்தப் புடவையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதில் ஓடும் ஒவ்வொரு உருவுக்கும் கடையில் ஒரு அர்த்தம் சொல்வார்கள்: மாங்காய் வம்ச விருத்தி, அன்னம் பிரியாத ஜோடி, ருத்ராட்சம் சிவன் காவல். சரி, இருக்கட்டும். ஆனால் தாழம்பூ ரேக்கு என்ற கரைக்கு வந்ததும் இந்தக் கணக்கு உதைக்கும். பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லி, சிவபூஜைக்கே ஆகாது என்று தள்ளப்பட்ட பூ அது. அதன் பெயரில் ஒரு கரை கல்யாணப் பட்டில் எப்படி? தாழை மடலின் ஓரத்தைப் பாருங்கள், ரம்பப் பல் மாதிரி முள் வரிசை. கரையில் ஓடுவது அந்தப் பல்தான். போதாததற்கு, மணப்பெண்ணின் சடையில் வைத்துத் தைப்பதும் தாழை மடல். புராணம் ஒரு பக்கம், பெண்களின் வாசனை ஆசை ஒரு பக்கம்.

காஞ்சிபுரம் பட்டில் நான் முதலில் பார்க்கச் சொல்வது கரை சேரும் இடத்தை. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை என்றால், பாவு, அதாவது நீளவாட்டு இழை, மட்டும் நிறம் மாறினால் போதாது. குறுக்கே ஓடும் ஊடையும் மாற வேண்டும். அதற்காக, ஊடை இழையைக் கொண்டுபோகும் தறி நாடா உடலுக்கு ஒன்று, இரு கரைக்கும் தனித்தனி நாடா என மூன்று நாடா ஓடும். நெசவாளரோடு உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். இதுதான் கோர்வை. ஒவ்வொரு ஓட்டத்திலும் உடல் ஊடையும் கரை ஊடையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும். உதவியாள் இழையை இறுக்கி இழுத்தால் கரை சுருங்கும். தளரவிட்டால் சேருமிடத்தில் கண்ணி தொங்கும். கோபுரக்கரையில் கரை நிறம் படிப்படியாக உடலுக்குள் ஏறி முக்கோணமாக நிற்கும். கோவில் கோபுரம் என்று நாம் கும்பிடுவது, இரண்டு நிறம் பிணையும் இடத்தில்தான் எழுகிறது.

வாங்கும்போது கரையைத் திருப்பிப் பாருங்கள். பச்சைக் கரைக்குள் அரக்கு ஊடை ஓடினால் அது கோர்வை இல்லை. கரை நிறமும் பளிச்சென்று இருக்காது, கலங்கித் தெரியும். முந்தி வேறு நிறமாக இருந்தால் பெட்னியையும் பாருங்கள். உடல் பாவோடு முந்தியின் புதுப் பாவை இழை இழையாகக் கோக்கும் இடம் அது. அங்கே கொஞ்ச தூரம் இரண்டு பாவும் சேர்ந்து ஓடுவதால் சற்றுத் தடித்திருக்கும். அதைக் குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு, பாவம்.

கோடித்துணிக்கு மஞ்சள் தடவும்போதுதான் அதிகம் சொதப்புகிறது. உள்ளே சொருகும் தலைப்பின் ஓரத்தில், கட்டைவிரல் நுனியளவு, ஜரிகை படாமல் தொட்டு வைத்தால் போதும். மஞ்சள் பட்டில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். குழைத்து அப்பினால் கறை லேசில் போகாது. அவசரப்பட்டு சோப்பு போட்டால் காரம் பட்டு மஞ்சள் சிவந்துவிடும். புடவைச் சாயம்தான் போகிறது என்று பதறி மறுபடி சோப்பையே தேய்க்காதீர்கள். நிறையப் பச்சைத் தண்ணீரில் அலசினால் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பும். மிச்சம் இருப்பது வெளிச்சத்தில் நாளாக ஆக வெளிறும். அதற்காகப் பட்டைக் கொண்டுபோய் வெயிலில் காயப்போட வேண்டாம்.