கரிசலில் ஒரு முதியோர் இல்லம்: தரைக்குக் கீழே போன காசு

முதியோர் இல்லம் கட்டுகிறோம் என்று சொன்னால் நம் ஊரில் கொடுப்பதற்கு ஆள் இருக்கிறது. மின்விசிறிக்கு ஒருவர், கட்டிலுக்கு ஒருவர், சாப்பாட்டுக் கூடத்துக்கு ஒருவர். எல்லாவற்றிலும் ‘உபயம்’ என்று பேர் எழுதிவிடலாம். பூமிக்குள் புதைகிற அஸ்திவாரத் தூணுக்கு, அதாவது பைலுக்கு, எங்கே எழுதுவது? எங்கள் அலைச்சலில் பாதி இந்த ஒரு கேள்வியால் வந்ததுதான்.

இடம் திருநெல்வேலிக்கு வடக்கே, மானூர் பக்கம். புஞ்சை, நல்ல கரிசல். ஒரு குடும்பத்தார் எங்கள் அறக்கட்டளைக்குத் தானமாகக் கொடுத்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாட்டுக்கு அது சரி, நிலத்துக்கு ஆகவே ஆகாது. பத்திரம் பதிவதற்கு முன்பே புலப்படத்தை, அதாவது அரசு நில அளவை வரைபடத்தை, எடுத்துப் பார்த்தோம். நிலத்தின் கீழ்ப்பக்கம் ஒரு ஓடை போவதாகக் கோடு இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் ஓடையும் இல்லை, ஒன்றும் இல்லை. உழுத கட்டிகள்தான் கிடந்தன. ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். “அது செத்த ஓடை அண்ணாச்சி, எங்க ஐயா காலத்துலயே தூந்துட்டு. பயப்படாம கட்டுங்க.”

2023 டிசம்பர் 17, 18 வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழை எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனாலும் செத்த ஓடை எழுந்து நடந்தது. புலப்படத்தில் எந்த வளைவில் கோடு இருந்ததோ, அதே வளைவில் தண்ணீர் போயிற்று. அந்த நிலஅளவையர் எந்தக் காலத்து ஆளோ, அவர் கைக்கு ஒரு கும்பிடு. புதிதாக இடம் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஊரார் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், புலப்படத்தை நம்புங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு தடவை போய் நின்று பாருங்கள்.

வரைபடம் மறுபடி போட வேண்டியதாயிற்று. கட்டடத்தை மேட்டுப் பக்கம் தள்ளினோம். தரைமட்டத்தை மூன்று அடி உயர்த்தச் சொன்னார் பொறியாளர். அங்கேதான் முதியோர் இல்லத்துக்கே உரிய வில்லங்கம் ஆரம்பித்தது. சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு கணக்கு. ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம், அப்படியென்றால் மூன்று அடிக்கு 36 அடி. அதோடு நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு சமதளம், கடைசியில் திரும்ப ஒரு சமதளம். முன்முற்றம் முழுக்கச் சாய்தளமே தின்றுவிட்டது. வீட்டுக்கு மூன்று படி வைத்தால் முடிகிற வேலை இது. சாய்தளம் செங்குத்தாக இருக்கிற இல்லங்களைப் பார்த்திருக்கிறேன்; அங்கே பெரியவர்களைத் தூக்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள்.

சாலை ஓடைக்கு அந்தப் பக்கம், கட்டடம் இந்தப் பக்கம். குறுக்கே பாலம் போட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். பயந்துகொண்டே போனோம். களத்துக்கு வந்த இளம் பொறியாளர், “குழாய் போட்டீங்கன்னா முள்ளும் செத்தையும் அடைச்சுக்கும் சார், பெட்டிப் பாலமா போடுங்க” என்று வழி சொல்லிவிட்டுப் போனார். அதில் குறையே இல்லை.

குறை வேறு இடத்தில். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அங்கே பிரிவில் இருந்தவர், நாங்கள் இணையத்தில் எடுத்துப் போன பட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பச்சை மை கையெழுத்து இல்லையே?” மின்னணு முறையில் வழங்கியது, மேலே இருக்கிற கியூஆர் கோடில் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டினேன். “அது அவங்க போட்டது, எங்களுக்குக் கையெழுத்து வேணும்” என்றார். சரி, வாங்கிவிடலாம் என்று போனால் கையெழுத்துப் போட வேண்டியவர் ஜமாபந்திக்குப் போயிருக்கிறார். அவர் வந்ததும் வாங்கிக்கொண்டு போனால் வில்லங்கச் சான்று பழசாகிவிட்டது என்கிறார் இவர். அதைப் புதுசாக எடுத்துப் போனால், அறக்கட்டளைத் தீர்மானத்தில் சர்வே எண் இருக்கிறது, உட்பிரிவு எண் இல்லையே என்கிறார். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லியிருந்தால் அவர் வாயா தேய்ந்துவிடும்?

மானூர்க் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1200 வருடத்துப் பழசு. அந்த ஊர் மகாசபைக்கான விதிகள் அதில் இருக்கின்றன. சபையில் எதைக் கொண்டுவந்தாலும் கூடாது, கூடாது என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்கும், அவருக்குத் துணை நிற்கிறவருக்கும் ஐந்து காசு அபராதம். அந்த விதி இன்று இருந்தால் எங்கள் இல்லத்துக்குப் பாதிச் செலவு அந்த ஒரு மேசையிலேயே வசூலாகியிருக்கும்.

கடைசியில் வேலை நடந்தது எப்படித் தெரியுமா? கேட்டது எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, “இவை தவிர வேறு எதுவும் தேவையில்லை எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்” என்று கீழே சேர்த்து, தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன். கோப்பு மறு வாரமே நகர்ந்தது. வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

அப்புறம் மண். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சித்திரையில் எங்கள் நிலத்து வெடிப்பில் கணுக்கால் வரை போகும். மேஸ்திரி அனுபவசாலிதான். ஆனால் மண் பரிசோதனை என்றதும் முகம் சுளித்தார். “நாலடி தோண்டி, சரள் அடிச்சு, கல்லுக்கட்டு போட்டா நிக்காதா? எத்தனை வீடு கட்டிருக்கோம்!” அவர் கட்டிய வீடுகளில் ஒன்றைக் காட்டச் சொன்னேன். ஜன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக விரிசல், அதன்மேல் பட்டி பார்த்து வெள்ளையடித்திருந்தார்கள்.

பரிசோதனைக்கூடத்தில் எங்கள் மண்ணைச் சலித்துப் பத்துப் பத்து கிராம் இரண்டு கண்ணாடி அளவு குழாய்களில் போட்டார்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் விட்டுப் பார்த்தபோது மண்ணெண்ணெயில் மண் அடியோடு படிந்து கிடந்தது. தண்ணீரில் உப்பி மேலே ஏறி நின்றது. அதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அண்டர் ரீம்டு பைல்தான் போட வேண்டும் என்று முடிவானது. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நம் ஊர்க் கரிசல் போன்ற மண்ணுக்கென்றே கொண்டுவந்த முறை அது. ஈரம் ஏறி இறங்குகிற மேல்மண்ணைத் தாண்டி மூன்றரை மீட்டருக்குத் துளை போட்டு, அடியில் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடம் மாதிரி குடைந்து, கம்பிக் கூடை இறக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். மேலே உத்தரம் கட்டும்போது அதற்கும் மண்ணுக்கும் இடையில் மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் வெற்றிடம் விட வேண்டும். மண் உப்பினாலும் உத்தரத்தை முட்டாது. கவனமாக இருங்கள், சித்தாள்கள் இந்த இடைவெளியை ‘ஓட்டை’ என்று நினைத்து மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். நான் கூடவே நின்றேன்.

செலவைக் கேட்டதும் நன்கொடையாளர் கூட்டத்தில் சத்தம் குறைந்துவிட்டது. “தரைக்கு மேல ஒண்ணும் தெரியலையே” என்றார் ஒருவர். அளவு குழாய்ப் படத்தைக் காட்டினேன். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒரு வரிசைப் பைல் தன்னுடையது என்றார். ஆனால் பேர் வேண்டுமாம். அந்த வரிசை உத்தரத்தின் வெளிப்பக்கம் ‘கீழே உள்ள பைல்கள் உபயம்’ என்று பெயின்டில் எழுதிவிட்டோம். அதைப் பார்த்து மற்ற வரிசைகளுக்கும் ஆள் வந்தது.

கழிவுநீரை மறந்துவிடாதீர்கள். கரிசலில் உறிஞ்சுகுழி தண்ணீரைக் குடிக்காது, நிரம்பி வழியும். பெரியவர்கள் இருக்கிற இடத்தில் துணி துவைப்பே தினம் ஒரு மூட்டை. தொட்டியிலிருந்து வருகிற நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டுத் தோட்டத்துக்குத் திருப்பினோம். அந்தப் பாத்தியும் கட்டடத்தை விட்டு எட்டத்தில் இருக்க வேண்டும். சுவர் ஓரம் ஈரம் நின்றால் பைல் போட்டும் பயனில்லை.

தீயணைப்பு, சுகாதாரம், தாசில்தாரிடம் வாங்கும் கட்டட உரிமம், மாவட்ட சமூக நலத் துறைப் பதிவு எல்லாம் வரிசையாக வந்துவிட்டன.

இனி பாக்கி சுற்றுச்சுவர். ஓடைப் பக்கம் தண்ணீரை மறிக்கக் கூடாது என்பதால் கம்பிவேலிதான். மற்ற மூன்று பக்கம் மதில். “மதிலுக்கும் அந்தப் பைல் துளை போடுற மெஷினா அண்ணாச்சி?” என்று மேஸ்திரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மெஷின்காரரிடம் மாசியில் தேதி வாங்கிவிட்டேன்.