டியூபுக்கு வேர்த்த கதை

மூணு நாளா ராயபுரம் கடைல லேசர் மிஷின் படுத்தின பாடு தாங்கல. 5 எம்எம் அக்ரிலிக்தான், அடி வரைக்கும் வெட்டாம பாதியில நிக்குது. லென்ஸைத் துடைச்சேன், மூணு கண்ணாடியையும் அலைன் பண்ணேன், ஃபோகஸ் பார்த்தேன். ம்ஹூம். "டியூப் போச்சுண்ணா, மாத்திடலாம்"னு பையன் சாதாரணமா சொல்லிட்டான். லேசர் கதிரை உண்டாக்குற கண்ணாடிக் குழாய் அது; அதோட விலைய நினைச்சதும் எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது.

பிளக்கைப் பிடுங்கிட்டு, பின் மூடியைத் திறந்து டார்ச் அடிச்சா, கதிர் வெளிய வர்ற முனைல முத்து முத்தா தண்ணி. கசிவு இல்ல, வேர்வை! வெயில் தாங்கலேன்னு நான்தான் சில்லர் மிஷினை, அதான் டியூபுக்குள்ள ஓடுற தண்ணியைக் குளிர வெக்கிறதை, 18 டிகிரிக்கு இறக்கி வெச்சிருந்தேன். நம்ம கடலோர மே மாசக் காத்து 25 டிகிரில இருக்குற பொருள் மேல பட்டாலே தண்ணி படியும். ஜில் தண்ணி டம்ளர் வெளிய வேர்க்குமே, அதேதான். இன்னொரு முனைல ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுது, அங்க ஈரம்னா ஸ்பார்க் அடிச்சிருக்கும். நல்ல காலம்.

நல்லா காய வெச்சு, சில்லர் மிஷினை 27 டிகிரிக்கு ஏத்தினேன். அதுக்கு மேல ரொம்பப் போனா டியூப் ஆயுசு குறையும். இப்போ வெண்ணெய் மாதிரி வெட்டுது.

இன்னொண்ணு. விளம்பரப் பலகைக்குப் போடுற சன்போர்டை லேசர்ல அடிச்சுக் கொடுன்னு கேக்காதீங்கப்பா. அது பிவிசி. எரிஞ்சா வர்ற ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலையும் அரிக்கும், மிஷினையும் அரிக்கும். சுத்துற கத்தியால வெட்டுற ரௌட்டர் மிஷின்ல வெட்டித் தர்றேன். நேத்து ஒரு அண்ணன் கோவிச்சுக்கிட்டு தங்கசாலை பக்கம் போயிட்டார். போகட்டும்.