நோட்டில் 59 சதவீதம் என்று எழுதியிருந்தது

லாஜிக்கல் திங்கிங்குக்கும் கிரிட்டிக்கல் திங்கிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று, நூற்பாலை லேபில் புதிதாகச் சேரும் டிப்ளமோ பிள்ளைகள் வருஷம் தவறாமல் கேட்கிறார்கள். இன்டர்வியூவில் யாரோ கேட்டிருப்பார்கள், பதில் வந்திருக்காது. நான் அவர்களை நூல் நூற்கும் இயந்திரங்கள் இருக்கும் ரிங் பிரேம் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே தூணில் ஒரு மரப்பலகையில் இரண்டு தெர்மாமீட்டர்கள் மாட்டியிருக்கும். ஒன்று சும்மா தொங்கும். இன்னொன்றின் குமிழைச் சுற்றி ஒரு துண்டு மஸ்லின் துணி. துணியின் வால் கீழே ஒரு சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் இறங்கும். அந்தத் துணி எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நான் சேர்ந்து இரண்டாவது வருஷம், மாசி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வர இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை மில்லுக்குள் ஈரத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். பருத்தி இழை ஈரம் ஏற ஏற வலுக்கும். விஸ்கோஸ் அதற்கு நேர்மாறு. அதனால் ரிங் பிரேமில் ஈரப்பதம் 55-லிருந்து 60 சதவீதத்துக்குள் நிற்கும்படி காற்றுக்கு ஈரமூட்டும் பிளான்டில் தண்ணீரைத் தூவிக்கொண்டே இருப்போம். ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு முறை ஒருவர் போய் இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து அட்டவணையில் ஈரப்பதத்தைத் தேடி, நோட்டில் எழுதிவிட்டு வருவார்.

அந்த வாரம் 40-ஆம் கவுண்டில் (நூலின் மெல்லிசைச் சொல்லும் எண்) நூல் தாறுமாறாக அறுந்தது. நூறு ஸ்பிண்டிலுக்கு, அதாவது நூல் சுற்றும் கதிருக்கு, மணிக்கு மூன்று அறுப்பு என்று இருந்தது எட்டுக்குப் போய்விட்டது. காகிதத்தில் மூன்றும் எட்டும் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஒரு பிரேமுக்கு 1008 ஸ்பிண்டில். அறுந்த இழையைப் பிணைக்கும் தொழிலாளிக்கு சைடர் என்று பெயர். ஒரு சைடருக்கு மூன்று பிரேம். மூன்று அறுப்பு என்றால் முக்கால் நிமிஷத்துக்குள் ஒரு இழையைப் பிணைக்க வேண்டும். எட்டு என்றால் கால் நிமிஷத்துக்கு ஒன்று. ஒன்றை ஒட்டி நிமிர்வதற்குள் அடுத்தது போய்விடும். ஓட்டமும் நடையுமாக எட்டு மணி நேரம்.

அறுப்போடு சேர்ந்து ரோலரில் பஞ்சு சுற்றிக்கொள்வதும் அதிகமானது. எங்கள் ஸ்பின்னிங் மாஸ்டர் நல்ல தொழில்காரர். அவர் யோசித்த விதத்தை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். ரோலரில் பஞ்சு சுற்றுகிறது என்றால், ஒன்று ஈரப்பதம் கெட்டிருக்க வேண்டும், அல்லது ரோலரின் மேலுறையான ரப்பர் காட் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது பஞ்சு பிசுபிசுப்பாக இருக்க வேண்டும். நோட்டைப் பார்த்தார்: 59 சதவீதம். ஈரப்பதம் சரி. காட் எல்லாம் போன மாதம்தான் கிரைண்டிங் ஆனது. அதுவும் சரி. மிச்சமிருப்பது பஞ்சு. அதற்கேற்றாற்போல் முந்தின வாரம்தான் மிக்ஸிங்கில் புது லாட் ஏறியிருந்தது. வெள்ளை ஈ, அசுவினி விழுந்த செடியின் பஞ்சில் பூச்சி கழிக்கும் சர்க்கரைத் திரவம் ஒட்டியிருக்கும். அது ரோலரில் பிசின் மாதிரி பிடிக்கும். பொருந்தாத கண்ணி ஒன்றுகூட இல்லை.

பிசுபிசுப்புப் பஞ்சுக்கு மில்காரர்கள் முதலில் செய்யும் வைத்தியம் ஈரப்பதத்தைக் கொஞ்சம் குறைப்பது. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துத்தானே இளகுகிறது. ஆகவே பிளான்டில் சில நாசில்களை மூடச் சொன்னார். நோட்டில் 59 போய் 56 ஆனது. எதிர்பார்த்தபடிதான் என்று எல்லோரும் தலையாட்டினோம். அறுப்பு குறையவில்லை, ஏறியது. அதற்கும் விளக்கம் கைவசம் இருந்தது: நினைத்ததைவிடப் பஞ்சு மோசம். இன்னும் இரண்டு நாசில் மூடினோம்.

மூன்றாம் நாள் பகல் ஷிப்டில் அறுப்புகளை எண்ணிக் குறிக்கும் ஸ்னாப் ஸ்டடிக்காக ஸ்டாப் வாட்சும் அட்டையுமாக நின்றிருந்தேன். அந்தப் பக்கத்து சைடர் அக்கா, பதினைந்து வருஷத்துக்கு மேல் அதே பிரிவில் இருப்பவர், ஒரு இழையைப் பிணைத்துவிட்டு என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். விரல்களிலும் முன்கை மயிரிலும் பஞ்சுத் தூசி ஒட்டி நின்றது. ஊதினால் போகவில்லை.

"ஏனுங் தம்பி, காத்துல ஈரமே இல்லீங். உதடெல்லாம் வெடிச்சுப்போச்சு. பாருங், பஞ்சு கையை விட்டுப் போகமாட்டேங்குது."

"இல்லீங்க அக்கா, 56 இருக்குதுங்க. இப்பத்தான் நோட்டைப் பாத்துட்டு வர்றேன்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரிங் தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த இழைக்குப் போய்விட்டார்.

அந்த "சரிங்" என்னை அன்று முழுக்க விடவில்லை. உதடு வெடிப்பதும், தூசி தோலோடு ஒட்டிக்கொள்வதும் காய்ந்த காற்றின் வேலை. ஸ்டாடிக் மின்சாரம் ஏறினால்தான் பஞ்சு அப்படிப் பிடித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத்தை இழுத்த கணக்குதான். ஸ்டாடிக் ஏறினாலும் ரோலரில் பஞ்சு சுற்றும். அவர் சொல்வது உண்மையென்றால் நோட்டு பொய். நோட்டு உண்மையென்றால் அவர் கையில் நான் கண்ணால் பார்த்தது என்ன?

ஷிப்ட் முடிந்ததும் ஏணியைப் போட்டு ஏறி அந்தத் துணியைத் தொட்டேன். பாட்டிலுக்குள் இருந்த வால் நனைந்திருந்தது. மேலே குமிழைச் சுற்றியிருந்த பகுதி சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக, அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தது. டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்துபோனதால் யாரோ பல வாரமாக போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர். துணியில் உப்பு ஏறி, தண்ணீர் குமிழ் வரை போவது பாதியாகக் குறைந்திருந்தது. ஆவியாவது குறைந்தால் குளிர்வதும் குறையும். அந்த தெர்மாமீட்டர் உள்ளதைவிடக் கூடுதல் சூட்டைக் காட்டும். இரண்டுக்கும் இடைவெளி சுருங்கும். அட்டவணையில் ஈரப்பதம் ஏறும். துணி முழுக்கக் காய்ந்திருந்தால் இரண்டு தெர்மாமீட்டரும் ஒரே அளவைக் காட்டி, ஈரப்பதம் 100 என்று வந்து, முதல் நாளே யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். பாதி காய்ந்ததுதான் வினை. பொய் நம்பும்படியாக இருந்தது.

லேபிலிருந்து கையில் பிடித்துச் சுழற்றும் ஹைக்ரோமீட்டரை எடுத்து வந்தேன். கிலுகிலுப்பை போலச் சுற்ற வேண்டும். புதுத் துணி, டிஸ்டில்டு வாட்டர். உலர் குமிழ் 32 டிகிரி, ஈரக் குமிழ் 23. அட்டவணையில் 46 சதவீதம். நம்பாமல் பிரிவின் நான்கு மூலையிலும் சுற்றிப் பார்த்தேன். எங்கேயும் 48-ஐத் தாண்டவில்லை. காய்ந்துகிடந்த காற்றை நாங்களே நாசிலை மூடி இன்னும் காயவைத்திருக்கிறோம்.

மாஸ்டரிடம் காட்டினேன். அவர் பேசவில்லை. தானே ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிளான்டுக்குப் போன் போட்டு எல்லா நாசில்களையும் திறக்கச் சொன்னார். மறுநாள் மதியத்துக்குள் அறுப்பு நான்குக்கு வந்தது, அதற்கு மறுநாள் மூன்று. பஞ்சில் ஒரு குறையும் இல்லை.

மாஸ்டரின் தர்க்கத்தில் எந்த இடத்திலும் ஓட்டை கிடையாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று காரணம், இரண்டு இல்லை, ஆகவே மூன்றாவது. எந்த வாத்தியாரும் முழு மதிப்பெண் போடுவார். தர்க்கம், அதன் கையில் நாம் கொடுத்த செய்தியை வைத்துக்கொண்டு சரியாக நடக்கும். கொடுத்த செய்தி எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, எதை வைத்து அளந்தது, அதற்கு எதிராகப் பேசுபவரை ஏன் ஒதுக்கினோம் என்று கேட்பது இன்னொரு வேலை. அதைத்தான் கிரிட்டிக்கல் திங்கிங் என்கிறார்கள். விமர்சனச் சிந்தனை என்ற தமிழாக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. குற்றம் கண்டுபிடிக்கும் புத்தி என்ற வாடை அதில் வந்துவிடுகிறது. ஆய்ந்து ஏற்பது என்றால் கொஞ்சம் பக்கத்தில் வரும்.

இந்த இரண்டையும் நாம் இப்போது தனித்தனிப் பாடமாக நடத்துகிறோம். பழைய தருக்க நூலோர் அப்படிப் பிரிக்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை (தர்க்க) முறைகளைச் சொல்லிக்கொடுக்கிறார். குறைபட்ட ஏதுக்களை, அதாவது காரணங்களை, வரிசையாக அடுக்கும்போது, தெரிவது ஆவியா பனியா என்ற சந்தேகம் தீராமலே அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு உண்டு என்று துணிவதையும் ஒரு குற்றமாகச் சேர்க்கிறார். புகை இருந்தால் நெருப்பு என்ற விதியில் பிழை இல்லை. பார்த்தது புகைதானா என்பதில்தான் பிழை. பிளான்டிலிருந்து பனிமூட்டம் போலத் தண்ணீர் தூவும் இடத்தில் வேலை பார்க்கும் எனக்கு அந்த வரிகளைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஆனால் இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு எல்லாக் கருவிமேலும் சந்தேகம். இரண்டு மாதம் கழித்து, நூலின் சீர்மையைப் பார்க்கும் ஊஸ்டர் கருவியில் ஒரு பிரேமின் நூலுக்கு ஸ்பெக்ட்ரோகிராம் எடுத்தபோது 8 சென்டிமீட்டரையொட்டி ஒரு புகைபோக்கி மாதிரி கோடு எழும்பி நின்றது. குறிப்பிட்ட இடைவெளியில் நூல் தடிப்பதும் மெலிவதும் திரும்பத் திரும்ப வருகிறது என்று அர்த்தம். நான் கருவியைச் சந்தேகித்தேன். மறுபடி ஓட்டினேன், கேலிபரேஷன் பார்த்தேன், வேறு நேரத்தில் ஓட்டினேன். இரண்டு ஷிப்ட் போய்விட்டது. அதற்குள் அந்த நூல் கோனில் சுற்றப்பட்டு விற்பனைக்கு வெளியே போயிருந்தது. அப்படிப்பட்ட நூலில் நெய்தால் துணியில் மரவரி போல வரி விழும்.

அங்கே தேவைப்பட்டது ஒரு வரிக் கணக்கு. ரிங் பிரேமில் முன் ரோலரின் விட்டம் 27 மில்லிமீட்டர். 3.14-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட எட்டரை சென்டிமீட்டர். ரோலர் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தவறு செய்கிறது. ஆகவே ரோலர் வளைந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தார்கள், வளைந்துதான் இருந்தது. நூலின் ஒரு கோட்டிலிருந்து இயந்திரத்தின் ஒரு உறுப்பை விரல் நீட்டிக் காட்டும் அந்தத் தர்க்கத்தின் அழகை, சந்தேகப்படும் மும்முரத்தில் தவறவிட்டேன். துணித்துண்டு விஷயத்தில் எனக்கு எதிர்ச்சாட்சி இருந்தது: அக்காவின் கை. இங்கே ஒன்றும் இல்லை. காரணமில்லாத சந்தேகம் ஆராய்ச்சி ஆகாது.

அண்டார்டிகாவின் ஹேலி நிலையத்தில் ஓசோனை அளந்துவந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் ஜோ ஃபார்மன் செய்ததை இந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அங்கே வசந்த காலத்தில் ஓசோன் அளவு வருஷா வருஷம் இறங்கியது. கருவியோ பழசு. அவரும் முதலில் கருவியைத்தான் சந்தேகித்தார். ஆனால் சந்தேகத்தோடு நிற்காமல் வேறொரு கருவியை வரவழைத்து அளக்க வைத்தார். அதுவும் அதையே காட்டியது. 1985 மே மாதம் நேச்சர் இதழில் கார்டினர், ஷாங்க்லின் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார்; ஓசோன் ஓட்டை உலகத்துக்குத் தெரிந்தது. எங்கள் தூணில் கருவி பொய் சொன்னது, ஹேலியில் கருவி உண்மை சொன்னது. இரண்டு இடத்திலும் விஷயத்தைத் தீர்த்து வைத்தது இன்னொரு கருவி.

என் மனதில் இன்றும் உறுத்துவது நோட்டு பொய்யானது அல்ல. மூன்று நாளாக ஒரு பிரிவு முழுக்க இருந்த பெண்களின் உதடும் கையும் உண்மையைச் சொல்லிக்கொண்டே இருந்தன. மையால் எழுதிய எண் ஒன்று இருந்ததால் எங்களுக்குக் கேட்கவில்லை. சைடர் சொன்னால் புகார், நோட்டில் இருந்தால் தகவல் என்று வைத்திருந்தோம். அந்த அக்காவிடம் போய் நீங்கள் சொன்னதுதான் சரி என்று சொன்னேன். "எனக்குத் தெரியுமுங் தம்பி" என்றார், கோபமில்லாமல்.

அதற்குப் பிறகு டிஸ்டில்டு வாட்டர் கேன் லேபில் தனியாகப் பூட்டி வைக்கப்பட்டது. துணி வாரம் ஒருமுறை மாறியது. ஆடி மாதம் இருக்கும், அந்த அக்கா ஒருநாள் அரை நைட் ஷிப்டில் லேப் வாசலுக்கே வந்து நின்றார். அதுவரை சைடர்கள் யாரும் அங்கே வந்ததில்லை. மாஸ்டர் உள்ளே உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பர் பிரேம்ல கியர் பக்கமா ஒரு வாசம் வருதுங் சார். கருகல் வாசம் மாதிரி. சத்தம் ஒண்ணும் மாறலீங்."

மெயின்டனன்ஸ் அட்டவணைப்படி அந்த பிரேமுக்கு முந்தின நாள்தான் கிரீஸ் வைத்திருந்தார்கள். அட்டை மேஜைமேலேயே கிடந்தது. மாஸ்டர் அட்டையைப் பார்த்தார், பேனாவை மூடினார், எழுந்து அவர் பின்னாலேயே நடந்தார்.