வெந்நீர் பாய்லரும் காய்ந்த விறகும்

டிசம்பர் 16, 2024, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. சோழவந்தான் பக்கம் சுற்றிலும் வயலில் தண்ணீர் நிற்பதால் விடியற்காலையில் நல்ல பனி. அம்மாவுக்கு வீசிங் உண்டு. பச்சைத் தண்ணீரில் குளித்தால் அன்று முழுக்க இழுப்புதான். வெந்நீருக்காக அடுப்பில் அண்டா ஏற்றினாலோ புகை. மதுரை வெண்கலக்கடைத் தெருவில் வாங்கிய செப்பு பாய்லரை இன்று புறவாசல் தாழ்வாரத்தில் வைத்தாயிற்று.

நடுவில் ஒரு குழாய். அதற்குள்தான் தீ. குழாயைச் சுற்றித் தண்ணீர், கீழே கம்பித் தட்டு, அதற்கும் கீழே சாம்பல் தட்டு. மேலே இருக்கும் புனலின் தண்டு அடிவரை போகிறது. ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அது அடியில் போய்த் தங்கி, மேலே நிற்கும் வெந்நீரை மூக்கு வழியாக ஒரு சொம்பு வெளியே தள்ளும். தண்ணீர் இல்லாமல் மட்டும் பற்ற வைக்கவே கூடாது. உலோகத்தை உருக்கி ஒட்டிய இணைப்புகள் இளகிவிடும்.

டிசம்பர் 19, வியாழன்

புகை குறையவில்லை. பாய்லரைக் குறை சொல்ல மாட்டேன், விறகுதான் காரணம். கார்த்திகை மழையில் நனைந்த கட்டை. நுனியில் நுரை தள்ளிக்கொண்டு சீறுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற ஒரு கிலோ கலோரி போதும். கொதிக்கும் தண்ணீர் ஒரு லிட்டரை ஆவியாக்க மட்டும் 540 வேண்டும். அப்படியென்றால் விறகுக்குள் இருக்கும் ஒரு லிட்டர் ஈரத்தை விரட்டும் சூட்டில், குளிக்கிற தண்ணீர் பதின்மூன்று லிட்டரை 40 டிகிரி ஏற்றலாம். அத்தனையும் வீணாகிறது. அதோடு ஈரம் தீயைக் குளிர்த்துவிடுவதால் விறகிலிருந்து கிளம்பும் வாயு முழுசாக எரியாமல் புகையாகிறது. அம்மாவின் நெஞ்சுக்குள் போவது எரிய வேண்டிய விறகு. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

விறகு அடுக்குவதிலேயே பகல் போனது. எல்லாம் சீமைக் கருவேலம். மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் இதைத்தான். கண்மாய்க்கு அது செய்யும் கேட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டை கெட்டி, தணல் நின்று எரியும். வெட்டி எடுத்து எரிப்பது இரண்டு வகையிலும் நல்லதுதான்.

மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் உள்ளதை எல்லாம் பிளந்தோம். பட்டையோடு உருண்டையாகக் கிடந்தால் ஈரம் லேசில் வெளியேறாது. தரையில் படாமல் கீழே இரண்டு பனங்கட்டை கொடுத்து, காற்று புகுந்து வரும்படி இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தகரம். பக்கவாட்டை மூடவில்லை. தார்ப்பாயால் சுற்றி மூடினால் உள்ளேயே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த கட்டை இரண்டைத் தட்டினால் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும், வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும். ஈரக் கட்டை சத்தமே மந்தமாக வரும்.

குளிர் நாட்டுக் கிராமங்களில் விறகு பாய்லரால் வீட்டையே சூடாக்குகிறார்கள். சூடான தண்ணீர் குழாய் வழியாக அறைக்கு அறை போய், ரேடியேட்டரில் சூட்டை விட்டுவிட்டுத் திரும்பும். அங்கேயும் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கட்டும் என்று ஒரு வருஷம், இரண்டு வருஷம்கூட விறகைக் காய வைப்பார்கள். நம் சித்திரை வெயிலை வைத்துக்கொண்டு நாம் ஈர விறகை எரிப்பது நியாயமே இல்லை.

அது காயும்வரை தேங்காய் மட்டையும் சிரட்டையும் இருக்கின்றன.

டிசம்பர் 28, சனி

அத்தை வந்திருந்தார். “பனியில எதுக்கு வெளிய வச்சிருக்க மருமகனே? பாத்ரூமுக்குள்ள வச்சா அங்கயே கதகதன்னு இருக்கும்ல?” என்றார். கூடவே கூடாது அத்தை என்றேன். கதவைச் சாத்திய அறைக்குள் தீ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை சுற்றுவது போல் இருக்கும், எழுந்து கதவைத் திறக்க உடம்பு வராது. புகை அடங்கிய வெறும் தணலும் அதைக் கக்கும். அத்தை வீட்டில் குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைக்கும் பழக்கம் உண்டு. அதையும் நிறுத்தச் சொல்லிக் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ச்சக் காய்ச்சச் சுண்ணாம்பு போலச் செப்பில் படியும். படிவு தடித்தால் சூடு தண்ணீருக்கு ஏறாது. புளிக்கரைசல் ஊற்றி ஊற வைத்துக் கழுவியாயிற்று. சாம்பல் தட்டைத் தினமும் தட்டினாலே தீ பாதி சரியாகிவிடுகிறது, காற்று கீழிருந்துதானே வர வேண்டும்.

மட்டையைத் திணிக்காமல், சுள்ளி பிடித்த பிறகு ஒவ்வொன்றாகப் போட்டால் குழாய் வாயில் புகையே தெரிவதில்லை, அனல் மட்டும் நடுங்குகிறது. அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் பிடித்தார். இருமல் இல்லை.

ஜனவரி 13, திங்கள்

போகி. பழைய கதவுச் சட்டங்களை பாய்லருக்குக் கொடுக்கிறேன் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். பெயின்ட் அடித்த மரம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், அதை எரிப்பது விஷம். டயரும் அப்படித்தான்.

விறகுக்கார அண்ணனிடம் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. தை முடிவதற்குள் வெட்டி, பிளந்தே இறக்கித் தருகிறேன் என்றிருக்கிறார். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வெயிலில் கிடக்கட்டும். அடுக்க இடம் போதாது. தொழுவத்துக்கு மேற்கே இன்னும் இரண்டு பனங்கட்டை போட வேண்டும்.