பசங்களோட முதல் ஸ்கீயிங்குக்கு சின்ன மலையே போதும்

போன வாரம் ஆபீஸ் ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டாரு, பசங்கள முதல் தடவ ஸ்கீயிங் கூட்டிட்டுப் போகணும், எங்க போலாம்னு. ஃபோன்ல சொல்லி முடியல, அதான் இங்க எழுதறேன். நாங்க இருக்கறது பாஸ்டன் பக்கம், அதனால நான் சொல்றதெல்லாம் அமெரிக்காவுல வெர்மான்ட் ஸ்டேட் பக்கத்துக் கதைதான்.

முதல் வருஷம் பேரு கேள்விப்பட்ட பெரிய ரிசார்ட்டா பாத்துப் போனோம். நாலு பேருக்கு டிக்கெட், வாடகை, கிளாஸ்னு பணம் தண்ணியா செலவாச்சு, பாதி நாள் லிஃப்ட் க்யூலயே போச்சு. மேப்ல பச்சை வட்டம் போட்டிருக்கே, ஈஸியாதான் இருக்கும்னு பொண்ண மேல கூட்டிட்டுப் போயிட்டேன், அங்கேந்து கீழ பாத்ததும் அவளுக்கு கால் நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, வேணாம்ப்பா போலாம்ப்பான்னு ஒரே அழுகை. ஸ்கீய கழட்டி ஒரு கையில தூக்கிட்டு, இன்னொரு கையில அவளப் புடிச்சுகிட்டு ஓரமா நடந்தே இறங்கினோம். பச்சைன்னா ஈஸி, நீலம்னா நடுத்தரம், கருப்புன்னா கஷ்டம், ஆனா இதெல்லாம் அந்தந்த மலைக்குள்ள ஒப்பிட்டுக் குடுக்கற கலர், ஒரு மலைல பச்சைன்னு சொல்றது இன்னொரு மலைல நீலமா இருக்கும். இது அப்பறம்தான் எனக்குத் தெரிஞ்சுது.

அடுத்த வருஷம் காக்ரன்ஸ்ங்கற சின்ன ஸ்கீ மலைக்குப் போனோம். வெர்மான்ட்ல ரிச்மண்ட்னு ஒரு சின்ன ஊரு, ஐ-89 ஹைவே புடிச்சா எங்க வீட்லேந்து மூணு மூணரை மணி நேரம். 1961ல மிக்கி காக்ரன், ஜின்னி காக்ரன்னு ஒரு தம்பதி, வீட்டுக்குப் பின்னாடி இருந்த சரிவுல தங்களோட பிள்ளைங்களுக்காக ஒரு கயிறு லிஃப்ட் (ஓடிட்டே இருக்கற கயிறப் புடிச்சா நம்மள மேல இழுத்துட்டுப் போகும்) போட்டு ஆரம்பிச்சது. அந்த நாலு பிள்ளைங்களும் அமெரிக்க ஸ்கீ டீம் வரைக்கும் போனாங்க. அதுல பார்பரா ஆன், 1972 சப்போரோ ஒலிம்பிக்ஸ்ல ஸ்லாலம்ல, அதாவது கம்பங்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு இறங்கற போட்டில, தங்கம் ஜெயிச்சவங்க, அதுவும் வெறும் 0.02 செகண்ட் வித்தியாசத்துல! மிக்கி, ஜின்னியோட பேரன் ரயன் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல வெள்ளி வாங்கினாரு. 1998லேந்து இது லாப நோக்கம் இல்லாத அமைப்பு, காசு இல்லங்கறதுக்காக எந்தக் குழந்தையும் திரும்பிப் போகக்கூடாதுங்கறது அவங்க கொள்கை. பக்கத்துல இருக்கற ஸ்டோவ்ங்கற பெரிய ரிசார்ட்ல கூட்ட நாள்ல கவுன்டர்ல டிக்கெட் வாங்கினா ஒரு ஆளுக்கு 200 டாலருக்கு மேல ஆகும், இங்க அதுல ஒரு சின்ன பங்குதான்.

இங்க சேர்லிஃப்ட்டே கிடையாது, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயமே அதுதான். புதுசா வர்றவங்க பயப்படறது சரிவுக்கு மட்டும் இல்ல, ஓடிட்டு இருக்கற நாற்காலிலேந்து இறங்கறதுக்கும்தான். கயிறு லிஃப்ட்னா ஸ்கீ தரைலயே இருக்கும், கயிற டக்குனு புடிச்சா தோள்பட்டைய இழுத்துடும், முதல்ல கைக்குள்ள வழுக்க விட்டு மெதுவா இறுக்கணும், அதுக்குக் கெட்டியான க்ளவுஸ் வேணும். டி-பார்னு இன்னொரு லிஃப்ட் இருக்கு, தலைகீழ் T மாதிரி ஒரு கம்பி ரெண்டு பேர பின்னாடிலேந்து தள்ளிட்டு மேல போகும், அதுல மட்டும் உக்காரக் கூடாது, சும்மா சாஞ்சுகிட்டா போதும். நானும் பொண்ணும் சேர்ந்து போனப்போ கம்பி அவளுக்கு முதுகுல இருந்துச்சு, எனக்கு முட்டிக்குப் பின்னாடி, அப்படியே குனிஞ்சுகிட்டே மேல போய்ச் சேர்ந்தேன்.

இன்னொன்னு, மலையடில லாட்ஜ்னு சொல்ற ஓய்வுக் கட்டடத்துல ஜன்னல் பக்கம் உக்காந்தா சரிவு கண்ணு முன்னாடியே இருக்கும். என் மனைவி ஸ்கீ பண்ணல, கைக்குழந்தைய மடில வச்சுகிட்டு எலுமிச்சை சாத டப்பாவோட அங்கயே உக்காந்து பெரியவ பீட்சா மாதிரி ஸ்கீ நுனிய சேர்த்து ப்ரேக் போடறத பாத்துகிட்டே இருந்தா. கில்லிங்டன் மாதிரி பெரிய ரிசார்ட்ல மேலேந்து கீழ 3,050 அடி உயரம், நம்ம குழந்தை எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. அதனால இடம் பாக்கறப்போ நான் இப்போ எத்தன லிஃப்ட், எத்தன ரன்னு (ஸ்கீ பண்ணி இறங்கற பாதை) இருக்குனு பாக்கறதே இல்ல, கீழ நின்னா பிள்ளை கண்ணுல படுமான்னுதான் பாக்கறேன்.

காசு விஷயத்துல, பசங்களுக்கு பூட்ஸும் ஸ்கீயும் ஒவ்வொரு தடவயும் வாடகைக்கு எடுக்காதீங்க, இலையுதிர் காலத்துலயே கடைல சீசன் லீஸ், அதாவது சீசன் முழுசுக்கும் ஒரே வாடகை, போட்டுடுங்க. அஞ்சாங்கிளாஸ் படிக்கற பிள்ளை இருந்தா வெர்மான்ட்ல அவங்களுக்குன்னே பாஸ்போர்ட்ங்கற பேர்ல ஒரு ஸ்கீ பாஸ் இருக்கு, எந்த ஸ்டேட் பிள்ளையா இருந்தாலும் வாங்கலாம், கொஞ்ச காசுல நிறைய மலைக்கு டிக்கெட் கெடைக்கும். காட்டன் சாக்ஸ் வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது, கம்பளி ஒரு ஜோடி போதும். பிப்ரவரி ஸ்கூல் லீவு வாரத்துல மட்டும் எங்கயும் போகாதீங்க, கூட்டமா இருக்கும்.

காக்ரன்ஸ் வாரத்துல எல்லா நாளும் முழு நேரம் திறந்திருக்காது, பாத்துட்டுக் கிளம்புங்க. ஃப்ரெண்டுகிட்ட மார்ச் முதல் வாரம் போங்கன்னு சொல்லியிருக்கேன். வெயில் கொஞ்சம் இருக்கும், பனியும் மெத்துனு இருக்கும், விழுந்தாலும் அவ்வளவா வலிக்காது. அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைங்க அதே மலைலதான் மேப்பிள் சிரப் காய்ச்சறாங்க, அந்த சீசனும் அப்போதான்.