ஆறு வாரக் குளிரும் எஃப்.எல்.சி. மரபணுவும்

ஆய்வகங்களில் வளர்க்கும் சிறு செடி அரபிடாப்சிஸ். அதில் குளிர்காலம் கழிந்தபின் பூக்கும் வகைகளில் பூப்பதைத் தடுத்து வைத்திருப்பது எஃப்.எல்.சி. என்ற மரபணு. பூக்கத் தூண்டும் எஃப்.டி., சாக்1 மரபணுக்களை அது அமுக்கி வைக்கிறது. வாரக்கணக்கில் குளிர் பட்டால் எஃப்.எல்.சி. அடங்கிவிடும், சூடு திரும்பினாலும் மறுபடி தலைதூக்காது. இத்தனைக்கும் டி.என்.ஏ. வரிசையில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. எபிஜெனடிக்ஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

குளிரில் வின்3 புரதம் மெல்லச் சேர்கிறது. அதன் துணையோடு பி.ஆர்.சி.2 என்ற புரதக் கூட்டு, மரபணுவின் தொடக்கப் பகுதியில் ஹெச்3 ஹிஸ்டோனின் (டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதம்) 27ஆவது இடத்திலுள்ள லைசினில் மூன்று மெத்தில் தொகுதிகளை ஏற்றுகிறது. சூடு திரும்பியதும் இந்தக் குறி மரபணு முழுக்கப் பரவி, செல் பிரியும்போது சேய் செல்களுக்கும் போகிறது. இதில் அழகான விஷயம், மரபணுவின் ஒவ்வொரு நகலும் தனித்தனியே இயங்குகிறது அல்லது அடங்குகிறது; பாதி நிலை கிடையாது. குளிர் நீள நீள அடங்கிய நகல்கள்தான் கூடுகின்றன. இரண்டு வாரக் குளிருக்கு அரைகுறைப் பலன் வருவது அதனால்தான்.

இதை ஆய்வகத்தில் செய்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விதைத் தேர்விலேயே. ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் கொல்-0 வகையில், எஃப்.எல்.சி.யை உயர்த்தும் ஃப்ரிஜிடா மரபணு செயலிழந்தது, எஃப்.எல்.சி. அளவு முன்பே குறைவு. அதற்குக் குளிர் கொடுத்துவிட்டு ‘வித்தியாசமே இல்லையே’ என்றால் எப்படி? ஃப்ரிஜிடா இயங்கும் வகை வேண்டும்.

விதையை 4 டிகிரி செல்சியஸில் இருட்டில் 2–3 நாள் வைப்பது சீராக முளைப்பதற்கு மட்டும். அதைத் தட்பப்பதனமாக (பூக்க வைப்பதற்கான நீண்ட குளிராக) கணக்கில் எடுக்கக் கூடாது. 20–22 டிகிரியில் ஒரு வாரம் வளர்த்த நாற்றை 4–5 டிகிரியில், தினம் 8 மணி நேர ஒளியில், 6 வாரம் வையுங்கள். நாற்று வளரும் அகார் கூழ்த் தட்டு காய்ந்துபோகாமல் விளிம்பில் காற்று புகும் டேப் ஒட்டுங்கள். பிறகு 20–22 டிகிரி, 16 மணி நேர ஒளி. வெளியே எடுத்த கையோடு 30 டிகிரியைத் தாண்டவிட்டால் பதனம் கலைந்துபோகலாம்.

பூக்க எத்தனை நாள் ஆனது என்று மட்டும் எண்ணாதீர்கள். தண்டு எழும்பும்போது அடியிலை எத்தனை என்று எண்ணுங்கள்; இலை குறைந்தால் பூப்பு முந்தியது என்று பொருள். குளிரில் வளர்ச்சியே மந்தம் என்பதால் நாள்கணக்கு ஏமாற்றும். குளிர் படாத ஒப்பீட்டுச் செடியும் அதே வயதில் அல்ல, அதே வளர்ச்சி நிலையில் இருக்க வேண்டும்.

இந்தச் செடியின் விதையை அடுத்த சுற்றுக்கு எடுத்தால் குளிரை மறுபடி முதலிலிருந்து கொடுக்க வேண்டும். கரு வளரும்போதே பழைய குறி அழிந்து எஃப்.எல்.சி. திரும்ப இயங்கத் தொடங்கிவிடுகிறது.