புதுச்சேரியில் பழைய வீட்டைச் சீரமைத்தல்: மனுவிலிருந்து மச்சு வரை

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீட்டைப் பழுதுபார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். அளவெடுப்பவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். அனுமதி தாமதமாவதற்கும், வேலை பாதியில் நிற்பதற்கும், மதிப்பீடு இரண்டு மடங்காவதற்கும் இந்த வேலையைச் செய்யும் நாங்கள் பார்த்தவரை ஒரே காரணம்தான். வீட்டில் என்ன இருக்கிறது, எது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வைக்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

பாரம்பரியக் கட்டடம் என்றாலே கவர்னர் மாளிகையும் கடற்கரைச் சாலையும் மட்டும் நினைவுக்கு வந்த காலம் இருந்தது. 2002-க்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் என்ற நகர மேம்பாட்டுத் திட்டத்தில் புதுச்சேரி நகராட்சியும், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பும் சேர்ந்து வைசியாள் தெருவின், அதாவது கால்வே சுப்பராய செட்டித் தெருவின், வீட்டு முகப்புகளைச் சீரமைத்தன. 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அந்தத் தெருவுக்குக் கிடைத்தது. சாதாரணக் குடும்பங்கள் வசிக்கும் தெருவையும் காப்பாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு நேர்மாறாக, நகராட்சி அலுவலகமாக இருந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. 1870-71-இல் கட்டியது. உலக வங்கி உதவியோடு அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். ஒழுகும் மச்சை, அதாவது தட்டையான மேல்கூரைத் தளத்தை, நேரத்தில் சரிசெய்வதற்கும், விழுந்த கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதற்கும் ஆகும் செலவு ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாதது.

காகித வேலையில் முதலில் சொத்து ஆவணம். பழைய பத்திரங்கள் பல பிரெஞ்சில் இருக்கும். மொழிபெயர்ப்பை முன்கூட்டியே சான்றொப்பத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டனார் பெயரிலேயே நிற்கும் வீடு என்றால் வாரிசுகள் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அந்த ஒரு கையெழுத்துக்காகக் கோப்பு மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே வரைபட வேலையும் வாரிசு வேலையும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

மனு நகர அமைப்புக் குழுமத்துக்குப் போகிறது. பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமானால், பாரம்பரியக் கட்டடங்களுக்கான மாநில அளவிலான ஆலோசனைக் குழுவின் கருத்தும் வர வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் வீட்டை நேரில் பார்க்காமலே முதல் அபிப்பிராயத்துக்கு வரக்கூடும். அவர்கள் பார்ப்பது உங்கள் வரைபடத்தைத்தான்.

தரைத்தளம், மாடி, மச்சு ஆகியவற்றின் திட்டப்படம் 1:50 அளவில் வேண்டும். தெருவாசலிலிருந்து கொல்லைவரை ஒன்று, முற்றத்தைக் குறுக்கே வெட்டி ஒன்று என இரண்டு வெட்டுப்படங்கள். கதவு, ஜன்னல், தூண், கைப்பிடிக் கிராதி ஆகியவற்றுக்கு 1:10. தெருமுகப்பு வரைபடத்தில் இரு பக்கத்து வீடுகளின் முகப்பும் கட்டாயம் இருக்கட்டும். தெருவின் கூரை வரிசையோடு நம் வீடு ஒத்துப்போகிறதா என்பது அதில்தான் தெரியும். இடிப்பதை மஞ்சளிலும் புதிதாகக் கட்டுவதைச் சிவப்பிலும் காட்டுங்கள். ஒவ்வோர் அறைக்கும் எண் கொடுத்து, அதே எண்ணோடு புகைப்படங்களையும் நிலைக் குறிப்பையும் சேர்க்க வேண்டும். "சுவர் பழுது" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. "அறை 4, மேற்குச் சுவர், தரையிலிருந்து ஒரு மீட்டர் வரை உப்புப் பூத்திருக்கிறது, சிமெண்டுப் பூச்சு தட்டினால் வெற்றொலி" என்று எழுதினால், அதுவே பின்னால் மதிப்பீட்டுக்கும் உதவும்.

கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் முகப்பு சார்ந்த மாற்றங்களால்தான். திண்ணையை உடைத்து ஷட்டர் போடுவது, தெருப்பக்கம் ஏ.சி. வெளிப்பெட்டி மாட்டுவது, தாழ்வாரத்தின் மரத்தூணை எடுத்துவிட்டு கான்கிரீட் தூண் நிறுத்துவது, முகப்பை மறைக்கும் பெயர்ப்பலகை. இவற்றை மனு போடுவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். வெளிப்பெட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தை மச்சின் பின்பாதியில் காட்டினால் கேள்வியே வராது. கழிப்பறைகளைக் கொல்லைப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது நல்லது. பழைய மச்சின் மேல் குளியலறை கொண்டுவருவதை எந்தக் காரணத்துக்காகவும் நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. மரக்கட்டை மேல் நிற்கும் தளத்தில் கசிவு வெளியே தெரிவதற்குள் கட்டையின் முனை அழுகிவிடும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று பொதுச்சுவர். இந்தத் தெருக்களில் இரண்டு வீட்டு மச்சுக் கட்டைகளும் ஒரே சுவரில் வந்து உட்கார்ந்திருக்கும். நம் பக்கம் பூச்சைக் கொத்தினால் அவர்கள் பக்கம் விரிசல் காணும். அல்லது முன்பே இருந்த விரிசல் நம் கணக்கில் ஏறும். வேலைக்கு முன்பு பக்கத்து வீட்டாரைக் கூட்டிவைத்து, அவர்கள் பக்கச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்வது வழக்கமாக வேண்டும். சண்டையில் நின்றுபோன வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு தாளால் தப்பித்திருக்கும்.

ஒப்பந்தக்காரரிடம் மொத்தத் தொகை பேசாதீர்கள். பூச்சை உரித்தால்தான் செங்கல் தெரியும், மச்சைத் திறந்தால்தான் கட்டையின் முனை தெரியும். சதுர மீட்டர், கன மீட்டர் கணக்கில் விலை பேசி, நடந்த வேலையை அளந்து பணம் கொடுப்பதே இரு தரப்புக்கும் நியாயம்.

வேலை மேலிருந்து கீழே வர வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். பொங்கல் முடிந்ததும் மச்சைத் திறந்து ஆடிக்குள் மூடிவிடுவதுதான் பாதுகாப்பு. அனுமதி செப்டம்பரில் கிடைத்தால், கை அரித்தாலும் மச்சைத் தொடாமல் தார்ப்பாய் போட்டுக் காத்திருங்கள்.

மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் மச்சில் தேக்குக் கட்டைகளின் மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவிட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்திருப்பார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், அதற்கும் மேல் தட்டையான ஓடு. ஒழுகும்போதெல்லாம் மேலே ஒரு சிமெண்டுப் பூச்சு போட்டுக்கொண்டே போவதுதான் இதற்கு எமன். ஐந்து சென்டிமீட்டர் சிமெண்டுப் பூச்சு ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ நூறு கிலோ எடை கூட்டுகிறது. கூடவே கீழே புகுந்த நீரை வெளியே விடாமல் அடைத்தும் வைக்கிறது. முதலில் கீழே முட்டுக்கொடுத்து, பிறகு அந்த எடையை உளியும் சுத்தியும் கொண்டு கையால் எடுக்க வேண்டும். மின்சார உடைப்பான் வேண்டாம். அதிர்வில் செங்கல் வரிசை கழன்றுவிடும்.

கட்டைகளைச் சோதிக்க வேண்டிய இடம் நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் போகும் முனை. கூர்மையான ஊசியைக் குத்தினால் உள்ளே போகும் ஆழமே பதில் சொல்லிவிடும். முனை மட்டும் அழுகியிருந்தால் முழுக் கட்டையையும் மாற்றத் தேவையில்லை. நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, பழைய தேக்கை இணைத்து, இரு பக்கமும் துருப்பிடிக்காத இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் முடுக்கலாம். எந்தெந்த முனைக்கு இது போதும் என்பதைக் கட்டுமானப் பொறியாளர் சொல்ல வேண்டும். சுவர்க் குழியில் முனையைச் சுற்றிக் காற்றுக்குச் சிறிது இடைவெளி விடுங்கள். சிமெண்டால் அடைத்தால் அதே முனை மறுபடி அழுகும்.

புதிய ஜல்லித் தளத்தை மரக்கட்டையால் நாள்தோறும் அடிக்க வேண்டும். கட்டை பட்டதும் துள்ளித் திரும்பும்வரை அடி தொடரும். கூலி கூடுகிறது என்று அடியைக் குறைத்த இடத்தில் மயிரிழை விரிசல் ஓடும். முதல் மழையிலேயே அது தெரிந்துவிடும்.

இனி சுவர். கடலோர ஊரில் உப்புதான் முதல் எதிரி. நிலத்தடி ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விட்டுவிடும். பூச்சு உதிர்ந்தாலும் செங்கல் பிழைக்கும். சிமெண்டு அடைத்துக்கொள்ள, பின்னால் செங்கல் மாவாகிறது. ஈரக்கோட்டுக்கு அரை மீட்டர் மேல் வரை சிமெண்டை உரித்து, செங்கற்களுக்கு இடையிலான இணைப்புகளை இரண்டு சென்டிமீட்டர் ஆழம் சுரண்டி, சுவரை ஒரு கோடைக்காவது காயவிடுவது அவசியம். இந்தக் காத்திருப்பைத்தான் யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. காயாத சுவரில் பூசிய பூச்சை மறு ஆண்டே உரிக்க நேரிடும்.

சுண்ணாம்பை நீற்றித் தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் வைத்து, சல்லடையில் வடித்து எடுங்கள். நீற்றும்போது தொட்டியில் தண்ணீர்தான் முன்னால், சுண்ணாம்பு பின்னால். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல். ஈரம் படும் இடத்தில் மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் தூள் சேர்க்கலாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அளவாகச் சேர்ப்பது இங்கே பழைய வழக்கம். கை கலவை போதாது, அரைத்த சாந்துதான் ஒட்டும். முதல் பூச்சு 12 முதல் 15 மில்லிமீட்டர், அடுத்தது 8 முதல் 10, மேல்பூச்சு 2 அல்லது 3. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு வாரத்துக்குக் குறையாமல் விட்டு, ஈரச்சாக்கு கட்டி வெயிலிலிருந்து காக்க வேண்டும். சித்திரை வெயிலில் சாக்கில்லாமல் விட்ட பூச்சு விரலால் தேய்த்தாலே உதிரும்.

வண்ணத்துக்கும் சுண்ணாம்புதான். எமல்ஷன் அடித்தால் இவ்வளவு உழைப்பும் ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள் அடைபட்டுவிடும்.

வேலை முடிந்ததும் அனுமதி வரைபடத்தோடு வேறுபட்ட இடங்களைக் குறித்து, மாற்றி வரைந்த படத்தையும் முடிவுப் புகைப்படங்களையும் சேர்த்துக் குழுமத்தில் கொடுங்கள். வேலையின் போது வரைபடத்தில் இல்லாத பழைய கிணறோ மூடிய வளைவோ தென்பட்டால் அன்றே கடிதம் போடுவது நல்லது. கடைசியில் சொன்னால் அனுமதி மீறலாகப் பார்க்கப்படும். வீட்டுச் சாவியோடு குடும்பத்துக்கு ஒரு பராமரிப்புத் தாளும் போக வேண்டும். ஆவணி, புரட்டாசியில் மச்சு வடிகால்களைத் துடைப்பது, சுவரில் முளைக்கும் அரசங்கன்றை விரல் நீளத்திலேயே பிடுங்குவது, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பது, குழாய் வேலைக்கு வருபவர் போடும் ஓட்டையைச் சிமெண்டால் அடைக்க விடாமல் பார்த்துக்கொள்வது. கூடவே ஒரு வாளி நீற்றிய சுண்ணாம்பையும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டு வருகிறோம். தண்ணீர் வற்றாத வரை அது ஆண்டுக்கணக்கில் கெடாது.